அதே நேரத்தில் அக்கா வீட்டில்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்கிறேன் என்று எழுந்து நின்றுகொண்டு, கண்ட கனவையெல்லாம் அளக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சிவகாசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், கரும்பலகையில் போட்டுக் காட்ட முடியாத எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம், கல்யாணம் ஆகாதவள், தனியாக இருந்து புத்தி பேதலித்துவிட்டது என்று முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த முகத்தை நிறையப் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் அது உங்கள் பாடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது இருட்டில் நடந்ததில்லை. சனிக்கிழமை மதியம், நல்ல வெயில் நேரத்தில், ஊரே விழித்திருக்கும்போது நடந்தது. சுடுகாடு, புளியமரம், வெள்ளைச் சேலை எதுவும் இதில் கிடையாது. அதெல்லாம் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள்.

எனக்கு இருந்தது ஒரே அக்கா. பெயர் ரூத். என் பெயர் எஸ்தர். நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள்தான் எனக்கு எல்லாம் என்றால் அது பேச்சுக்குச் சொல்வது இல்லை, உண்மையிலேயே வேறு யாரும் கிடையாது. சபைக்காரர்கள் பார்த்து அவளை விருதுநகரில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் ஒரு மிளகாய் வற்றல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், நல்ல மனிதர்தான், ஆனால் யார் என்ன சொன்னாலும் அதை மனதுக்குள்ளேயே போட்டுப் புளிக்க வைக்கிற சுபாவம். மண்டியின் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்பக்கம்தான் வீடு. வற்றல் நெடி சுவரிலேயே ஏறியிருக்கும். அவர்களுக்கு அது பழகிவிட்டது. எனக்குக் கடைசிவரை பழகவில்லை. வாசற்படியில் கால் வைத்ததும் தும்மல் ஆரம்பித்துவிடும், அடுக்கடுக்காக, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் நிற்காது. "வந்துட்டாய்யா என் தங்கச்சி" என்று அடுப்படியில் இருந்தே அக்கா சிரிப்பாள், எட்டிப் பார்க்கக்கூட மாட்டாள்.

ஐம்பதுகளின் கடைசி அது. குறுக்கெழுத்துப் போட்டி என்று ஜனங்கள் பித்துப் பிடித்து அலைந்த காலம், பஸ் ஸ்டாண்டு கடையில் வாரப் பத்திரிகைக் கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஆள் நிற்கும். எங்கள் இருவருக்கும் பரிசு ஒரு பொருட்டில்லை, நாங்கள் எழுதி அனுப்பியதே கிடையாது. அக்கா கல்யாணமாகிப் போன பிறகு நாங்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவள் அங்கே உட்கார வேண்டும், நான் இங்கே உட்கார வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் பென்சிலை எடுக்க வேண்டும், யாரையும் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் பஸ் ஏறி விருதுநகர் போவேன். இரண்டு பேர் பக்கத்தையும் தரையில் அடுத்தடுத்து வைத்து ஒத்துப் பார்ப்போம். வளர்ந்த பெண்கள் செய்கிற வேலையா என்றால் இல்லைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் மட்டும் அவள் என் தோளை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அது போதும்.

அக்காவுக்கு ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, உபவாசம், அத்தான் வீட்டாரின் குத்தல் பேச்சு எல்லாம் பட்டு முடித்து, கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான் சொல்கிற சனிக்கிழமை அந்தக் குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்திருந்த சமயம்.

அன்றைக்கு அரைநாள் பள்ளி. பிள்ளைகள் போய்விட்டார்கள், டீச்சர்கள் மட்டும் பரீட்சைத் தாள் திருத்த இருந்தோம். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஜன்னல் வழியாக வந்த காற்றிலேயே கந்தக வாசனை. நான் இரண்டு மணிக்குப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பழக்கம், எழுத்தை எழுதுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன், அப்புறம்தான் எழுதுவேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கணக்கு டீச்சர் புத்தி.

எல்லாம் நிரம்பிவிட்டது, ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டது. 'பல காரியங்கள் ஒரே நேரத்தில் நடப்பது இவ்வாறு' என்று குறிப்பு. நாலு கட்டம். ஏககாலத்தில் என்று முதலில் தோன்றியது, அது நீளம். சமகாலம் என்றாலும் ஒரு கட்டம் இடிக்கும். முதல் இரண்டு கட்டத்தில் மேலிருந்து இறங்கிய வார்த்தைகளால் 'ஒ'வும் 'ரு'வும் ஏற்கெனவே விழுந்திருந்தன. அப்புறம் மிஞ்சியது இரண்டே வார்த்தை. ஒருங்கே என்றும் போடலாம், ஒருசேர என்றும் போடலாம். இரண்டுக்கும் நாலு கட்டம், இரண்டுக்கும் ஒரே அர்த்தம். கடைசி இரண்டு கட்டத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்பு, குறுக்கே எந்த வார்த்தையும் வந்து கைகொடுக்காது. போட்டி நடத்துகிறவன் வேண்டுமென்றே வைக்கிற கண்ணி அது.

என் மனதில் இருந்தது ஒருங்கேதான். அதை நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தது எங்கள் தமிழ்ப் பண்டிதர் காதில் விழுந்து தொலைத்தது.

"என்ன டீச்சர், ஒருங்கேயா? எவன் பேசுறான் ஒருங்கேன்னு? ஒருசேரன்னு போடுங்க."

"நான் உங்களக் கேக்கலயே அய்யா."

"கேக்காட்டி? தப்பா எழுதுறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றீகளா? நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைப் பக்கம் போய் நின்னு கேளுங்க. ஒரு ஷெட்டுல பிடிச்ச தீ அடுத்த ஷெட்டுலயும் ஒருசேரப் பிடிச்சுக்கிடுச்சுன்னுதான் சொல்லுவாக. ஒருங்கே பிடிச்சுதுன்னு எவளாவது மாரடிச்சு அழுதிருக்காளா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அது சும்மா பேசுகிற பேச்சில்லை, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எதுவும் நடந்துவிடக் கூடாது என்றுதானே பட்டாசு ஷெட்டுகளையே தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள். ஆனாலும் விடவில்லை, நானும் கத்தினேன், அவரும் கத்தினார், தையல் டீச்சர் அவர் கட்சி, டிராயிங் டீச்சர் என் கட்சி, வாட்ச்மேன் என்னமோ ஏதோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார். மூன்று மணி தாண்டியும் அந்தச் சண்டை நடந்தது. கடைசியில் அவர் வாயை மூடினால் போதும் என்று, பென்சில் முனை ஒடிகிற மாதிரி அழுத்தி ஒருசேர என்று எழுதிவிட்டு எழுந்து போனேன். அந்த அறையில் இருந்த எல்லாரும் இதைப் பார்த்தவர்கள். இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்று இனிமேல் தெரியும்.

மறுநாள் குழந்தைக்கு ஒரு துவாலை வாங்கிக்கொண்டு விருதுநகர் போனேன். வாசலில் வழக்கம்போலத் தும்மல். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. அக்கா வந்து நிலைப்படியில் நின்றாள், அவள் முகம் வீங்கியிருந்தது.

"என்னட்டி, நேத்துச் சொன்னது பத்தலையா? மிச்சம் எதுவும் வச்சிருக்கியா?"

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் துவாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அதற்கு அப்புறம் அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் அவள் சொன்னதை நான் கோர்வையாகச் சொல்கிறேன். முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கு நான் அவள் வீட்டுக்கு வந்தேனாம். சனிக்கிழமையே வந்துவிட்டாயே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றேனாம். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பிரித்து வைத்திருந்த பத்திரிகையையும் பென்சிலையும் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் கட்டம் முழுவதையும் நிரப்பினேனாம். நிரப்பி முடித்துவிட்டுத் தொட்டில் சேலையை விலக்கிக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தேனாம். பார்த்துவிட்டு, "அத்தான் சாடையும் இல்ல, நம்ம சாடையும் இல்ல. யாரு பிள்ளைக்கா இது?" என்று கேட்டேனாம்.

அத்தான் அப்போது பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். நான் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்து போனேனாம்.

எத்தனை வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. அதைப் பார்த்து, புருஷன் காதில் விழும்படி, அப்படி ஒரு வார்த்தை. அவள் அழுததில் தப்பே இல்லை. ஆனால் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லையே. சத்தியமாக நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், பண்டிதரைக் கேள், வாட்ச்மேனைக் கேள் என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ரெண்டு கண்ணால பாத்தேன்ட்டி. என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா?"

"அப்பம் சொல்லு. நேத்து வந்தவ தும்முனாளா?"

அக்கா குனிந்து வாசற்படியைப் பார்த்தாள். அவள் யோசிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "இல்ல" என்றாள் மெதுவாக. "நேத்து நீ தும்மல." அதற்குள் அத்தான் பின்னால் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் மறுபடியும் இறுகிப்போனாள். "தும்மாட்டி வந்தவ நீ இல்லன்னு ஆயிருமா? இந்தா, இது யாரு எழுத்து?" என்று பத்திரிகையை என் முகத்தில் விட்டெறிந்தாள்.

என் எழுத்துத்தான். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் என் புள்ளி இருந்தது. 'கா' எழுதும்போது நான் காலைக் கொஞ்சம் இழுத்துவிடுவேன், அந்த இழுப்பும் இருந்தது. நான் போட்ட விடைகள்தான் எல்லாம், ஒன்றைத் தவிர. அந்த நாலு கட்டத்தில் மட்டும், தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒருங்கே என்று எழுதியிருந்தது.

அத்தான் திங்கட்கிழமை சிவகாசிக்கு வந்து பள்ளிக்கூடத்தில் விசாரித்தார். பண்டிதர் என்மேல் கோபத்தில் இருந்தவர், எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "இங்கனதான் இருந்தாக. ஒரு மணி நேரம் என் உயிர எடுத்தாக" என்று சொல்லி அனுப்பினார். அத்தான் ஊருக்குப் போய், பள்ளிக்கூடமே சேர்ந்துகொண்டு அவளுக்காகப் பொய் சொல்கிறது என்று சொல்லியிருக்கிறார். மனிதர்கள் இப்படித்தான். உண்மையைக் கொண்டுவா என்பார்கள், கொண்டுவந்தால் அது ஜோடித்தது என்பார்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த இதழில் விடை வந்தது. ஒருங்கேதான் சரி. அதைப் பார்த்ததும் பத்திரிகையை மூடி மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். நான் இங்கே பண்டிதரோடு மல்லுக்கட்டி விட்டுக்கொடுத்த அதே நேரத்தில், என் மனதில் இருந்த வார்த்தையை, என் கையெழுத்தில், அங்கே ஒருத்தி நிம்மதியாக எழுதியிருக்கிறாள். அப்படியானால் குழந்தையைப் பற்றிச் சொன்னதும் உன் மனதில் இருந்ததுதானே என்று கேட்பீர்கள். இதைச் சொல்கிற இடத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இதற்கு மேல் யாருக்கும் நான் விளக்கம் சொல்வதாக இல்லை.

நான் விருதுநகர் போவதை நிறுத்திவிட்டேன். வாசலில் நிறுத்தியவள் அவள், அவளே வந்து கூப்பிடட்டும் என்று இருந்தேன். ஒரு கிறிஸ்துமஸ் போனது, இன்னொன்று போனது, கூப்பிடவில்லை. அறுபதும் பிறந்துவிட்டது. குழந்தை நடந்திருக்கும், பேசியிருக்கும், என்னை என்ன என்று கூப்பிடும் என்று நினைத்து நினைத்து அழுவேன். எப்படியும் ஒருநாள் அக்கா வருவாள், அவளால் என்னை விட்டு இருக்க முடியாது என்று மட்டும் எனக்கு உறுதி. சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பத்திரிகையைப் பிரிப்பதை நான் நிறுத்தவே இல்லை. அவளும் அங்கே பிரித்திருப்பாள் என்று ஒரு நம்பிக்கை.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் விருதுநகர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியைப் பார்த்தேன். அக்கா பிரசவத்தின்போது கூட இருந்தவள், என்னையும் தெரியும்.

"என்ன எஸ்தர் டீச்சர், தெரியாதவுக மாதிரி நிக்கீக? போன சனிக்கிழமைகூட அக்கா வீட்டுல பாத்தேனே. பிள்ளைய மடியில வச்சுச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தீக."

நான் விருதுநகர் பக்கம் வந்தே வருஷக்கணக்கில் ஆகிறது என்றேன். அவள் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கையில் அடித்தாள். "சும்மா இருங்க. அது சித்தி சித்தின்னு உங்க காலையே சுத்திக்கிட்டு வருது. பெத்தவகூட அம்புட்டு ஒட்டுதல் இல்ல. உங்க அக்காளே சொன்னாக, அன்னைக்கு ஏதோ சண்டை போட்டீகளாம், மறு வாரமே நீங்க வந்து அழுது கால்ல விழுந்துட்டீகளாம்."

அதற்கு மேல் அந்தக் கல்யாணத்தில் என்னால் உட்கார முடியவில்லை. அக்கா என்னைத் தேடி வராததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு என்னோடு சண்டையே இல்லை. சமாதானம் எப்போதோ ஆகிவிட்டது, அவள் தங்கை வாராவாரம் வந்துபோகிறாள். நான் ஒருத்தி இங்கே காத்துக்கொண்டிருப்பது அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். என் அக்கா, என் அக்கா பிள்ளை, என் சனிக்கிழமை. எது வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி, மயிரைப் பிடித்து இழுத்து வெளியே போடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் போனேன். வெயில் கொளுத்தியது, கிட்டங்கி வாசலில் ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசல் பக்கமே தரையில் ஒரு குழந்தை, ரெட்டைச் சடை போட்டு, தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் அம்மா முகம் அப்படியே. எனக்கு ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"கண்ணு, சித்தி வந்திருக்கேன் பாரு" என்றேன்.

குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது. பயப்படவில்லை. அதே சித்தி முகம்தானே எனக்கும், ஆனாலும் கடைக்கு வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "சித்தி அடுப்படியில இருக்கு" என்று சொல்லி மறுபடி தீப்பெட்டியை அடுக்க ஆரம்பித்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நன்றாக இருந்தாள். அக்கா, நான்தான் என்றேன். அவள் முதலில் குழந்தையைத் தூக்கித் தன் பின்னால் விட்டாள். அப்புறம் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "யாரு வேணும்? அவுக மண்டிக்குப் போயிருக்காக, அங்கன போய்ப் பாருங்க" என்றாள். கூடப் பிறந்தவள், ஊரார் யாரிடமோ பேசுகிற மாதிரி என்னிடம் 'பாருங்க' என்று மரியாதை போட்டுப் பேசினாள்.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அப்போது அடுப்படியில் இருந்து, "யாருக்கா வாசல்ல?" என்று ஒரு குரல் கேட்டது. நாலு வகுப்புக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பேசிக் கட்டையாகிப்போன குரல். என் குரல்.

நீங்கள் இதுவரை கேட்டதை நம்பாவிட்டாலும் போகட்டும், பேயை விடுங்கள், எனக்கு அது இப்போது பெரிதில்லை. இன்றைக்கும் நான் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவது வேறு ஒன்றை நினைத்து. அந்தக் குரல் கேட்டபோது அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. என்னைத் தெரிந்துகொண்ட கண் அது, சந்தேகமே வேண்டாம், சின்ன வயதில் இருந்து பார்த்த கண்ணை எனக்குத் தெரியாதா. தெரிந்துகொண்டுதான் அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். சாத்திக்கொண்டே உள்ளே திரும்பி, என்னோடு மட்டுமே பேசுகிற அந்தச் செல்லக் குரலில், "தெரியலட்டி. யாரோ" என்றாள்.